அந்த வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நீ நினைக்கும் வீட்டை நேற்று போய்ப் பார்த்தேன். ஏழு வருஷச் சேமிப்பை ஒரே இடத்தில் போடப் போகிறவள், கணக்கெல்லாம் சரியாக வந்த பிறகும் அப்பா ஒருமுறை நேரில் பாருங்கள் என்றாயே, அதற்கே உன்னை மெச்சிக்கொண்டேன். உன் அண்ணனாக இருந்தால் வாங்கிவிட்டுத்தான் சொல்லியிருப்பான்.

புரோக்கர் புதுப் பெயின்டைக் காட்டி வாய் ஓயாமல் பேசினார், முப்பது வருஷம் பூட்டுக்கடை வைத்திருந்தவன் கண் பெயின்டிலா நிற்கும். அந்தத் தெருவில் பதினாலு வாசல், ஒன்பதில் பூட்டுக்குப் பக்கத்தில் கதவு நிலை பிளந்து வேறு மரம் வைத்து ஒட்டியிருக்கிறது. எல்லாம் உதைத்துத் திறந்த கதவுகள், அதைப் பற்றி அந்த மனிதர் மூச்சு விடவில்லை. நீ வாங்க நினைக்கும் வீட்டிலும் அதே ஒட்டுதான், ஆனால் அங்கே பூட்டுத் தகட்டில் ஒரு ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்து அசந்துபோனேன். விரல் நீளம், நிலையைத் தாண்டிச் சுவர்வரை போகிறது. யார் வேலை என்று கேட்டால், அங்கே குடியிருக்கும் பேக்கரிக்காரப் பெண், நான்தான் போட்டேன் என்கிறாள். இரண்டு தடவை திருடர்கள் கதவை உதைத்து உள்ளே வந்தார்களாம், மூன்றாம் தடவை வந்தவன் நொண்டிக்கொண்டு போனானாம், இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். என் கடையில் வேலை பார்த்தவர்கள்கூட இவ்வளவு நேர்த்தியாக முடுக்கியதில்லை.

உள்ளதை உள்ளபடி சொன்னதும் அவள்தான். பக்கத்து வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்ததாம், அதற்குள் குழாய் வயர் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். இன்சூரன்ஸ்காரர்கள் தெருப் பெயரைக் கேட்டதுமே கையை விரிக்கிறார்களாம், குடி வருகிறவர்கள் ஆறு மாதத்தில் கிளம்பிவிடுகிறார்களாம். நாலு வருஷத்தில் அவள் குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று உரிமையாளர்கள், மூன்று பேரும் உன்னைப் போல் தூரத்தில் இருந்தவர்கள், ஒருவரும் வாசலை மிதிக்கவில்லை. விலை மலிவாக இருப்பது அதனால்தான் கண்ணு. வருஷம் முழுக்க ஆள் இருப்பார்கள் என்று போட்டாயே, உன் கணக்கில் அது ஒன்றுதான் தப்பு.

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள், உங்க பொண்ணு இதை வாங்கினா ஒரு நாளாவது இங்க வந்து தங்குவாங்களா என்று. உன்னைத் தெரியும் என்பதால் யோசிக்காமல் தங்குவாள் என்று சொல்லிவிட்டேன். வழியெல்லாம் அதுவே மனதை அரித்தது. அப்பாவாக என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், உன் உழைப்பு அந்தத் தெருவில் கரைவதைப் பார்க்க என்னால் முடியாது. இல்லை, வாங்கத்தான் போகிறேன் என்றால், அந்தப் பெண் முடுக்கிய கதவுக்குப் பின்னால் ஒரு நாள் படுத்து எழுந்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.

எதைச் செய்தாலும் எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு உண்டு. புரோக்கர் முன்பணம் கேட்டு நச்சரிப்பார், நீ நேரில் வரும்வரை எதையும் அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்ட
அப்பா