முதலிடத்தில் ஹிரோஷிமா

பந்து வீசியவனுக்கு, பிடிக்கத் தவறியவன் எழுதுவது.

உன் மார்ச் மாத அஞ்சலட்டை வந்தது. இந்த பேஸ்பால் சீசனில் ஆறு அணிகளில் என் ஹிரோஷிமாதான் முதலிடம் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பது வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் உன் கணிப்பில் அதைக் கடைசியில் போட்டு, "உன் டீமுக்கு இதுவே ஜாஸ்திடா" என்று எழுதுகிறவன் நீ.

பின்பக்கம் உன் வழக்கமான கற்பனை: நாம் பள்ளி முடித்த வருடம் உலகக் கோப்பை நடந்திருந்தால் ஜப்பான் அணியில் யார் யார் என்ற பட்டியல். எல்லோரும் ஜாம்பவான்கள். பந்து பிடிப்பவர் இடத்தில் மட்டும் என் பெயர். அதே வருடம் பள்ளி இறுதி ஆட்டத்தில் உன் கடைசிப் பந்தைக் கோட்டைவிட்டவனையா சேர்த்தாய்?

உன் மனைவி ஃபுமியேவுக்குப் போன் செய்தேன். "லேசா சளிதாங்க" என்றார். சளிக்கு எதற்கு அழுகை?

என் மனைவி சிரிக்கிறாள். "ஒருத்தர் பாராட்டினா இப்படியா பேயறைஞ்ச மாதிரி உட்காருவீங்க?"

அவள் அனுப்புநர் முகவரியைப் பார்க்கவில்லை. அதில் ஆஸ்பத்திரி வார்டு எண் எதற்கடா?

அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். என் பெயரை அடித்துவிடு. ஹிரோஷிமாவைக் கடைசியில் போடு. அக்டோபரில் சீசன் முடிந்ததும் நேரில் வந்து திட்டு.

என்றும் உன்,
கடைசி இடத்துக்காரன்