சுதனின் கல்வெட்டில் எட்டாம் பக்கம்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கச்சான் காற்று. அச்சக மேசை முழுக்க மண். இன்று இரண்டு கல்வெட்டு. ஒன்று அன்புவழிபுரத்து ஓய்வுபெற்ற தபாலதிபர். மற்றது யாரோ, பழைய கோப்பில் பெயரை மட்டும் மாற்றினேன். கல்வெட்டு என்றால் கல்லில் இல்லை, செத்தவர் வீட்டில் முப்பத்தோராம் நாள் வாசித்து, வந்தவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். முன்னால் தேவாரம், நடுவில் புலம்பல், கடைசியில் நன்றி நவிலல். புலம்பல் முழுக்க என் வேலை. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். பதினொரு வருடமாக இந்த ஊரில் யார் செத்தாலும் நான்தான் அழுகிறேன்.

தபாலதிபரின் மூத்த மருமகன் வந்து சண்டை. "சின்ன மருமகனுக்கு எட்டு வரி, எனக்கு ஆறு வரியோ? ஆஸ்பத்திரியில நிண்டது ஆர்? நான்தானே!" இரண்டு வரி கூட்டிவிட்டேன். ஆறாக ஓடிய கண்ணீர் கடலாகியது. சந்தோஷமாகப் போனார்.

மத்தியானம் ரொறன்ரோக்காரர் (இனி ரொ.) வாட்சப்பில். என்னைப் பற்றிய கட்டுரை அவருடைய இணைய இதழில் வந்துவிட்டதாம். "ஈழத்துச் சொல்லிசையின் மிகக் கூரிய பேனா: கறள்." கறள் என்பது நான், துரு என்று பாட்டுக்கு வைத்துக்கொண்ட பெயர். மூன்று தரம் வாசித்தேன். முதலாளி குணம் அண்ணைக்கும் காட்டினேன்.

"நல்லது. தபாலதிபர்ட புறூப் முடிஞ்சுதோ?"

ஓகஸ்ட் 6, புதன்

சுதன் செத்து இன்று இருபது நாள். தம்பலகாமத்தில், விடியற்காலை, லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டியில் மோட்டார் சைக்கிளோடு போய் மோதினான். செத்த வீட்டுக்குப் போனேன், பின்வரிசைக் கதிரையில் இருந்தேன், பிளேன்ரீ குடித்தேன், வந்தேன். அழுகை வரவில்லை. காசு வாங்காமல் அழுது பழக்கமில்லை.

எட்டு வருடம் அவனும் நானும் ஒரே ராப் குழு. அவன் மெட்டும் தாளமும், நான் வரி. துறைமுகப் பக்கம் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் ஒலிப்பதிவு, பாய் கட்டிச் சத்தம் மறைத்து. ஊரில் நூறு பேர் கேட்டிருந்தால் அதிகம். போன தேர்தலுக்கு அவன் ஒரு வேட்பாளருக்குப் பாட்டுப் போட்டான். ஓட்டோக்களில் ஸ்பீக்கர் கட்டிச் சந்தி சந்தியாகப் போனது. இடியப்பக்காரிகள்கூட முணுமுணுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கொள்கை என்று ஜெனிக்குச் சொன்னேன். ஜெனி என் மனைவி. அவள் நம்பவில்லை.

பிறகுதான் நான் வசைப்பாட்டு எழுதினேன். பன்னிரண்டு வரி, ஒவ்வொரு வரியும் 'சுதன்' என்று முடியும். ஒரே இரவில் வந்தது. இதுவரை நான் எழுதியதில் அதுதான் திறம். ரொ. சொல்கிறார், சென்னையில் ஒருவர் சொல்கிறார், கொழும்பில் ஒரு விரிவுரையாளர் வகுப்பிலேயே போட்டுக் காட்டினாராம். எல்லோரும் தூக்கிப் பிடிப்பது முதல் இரண்டு வரியை:

சோதனைச் சாவடியில் நனைஞ்ச காற்சட்டை, சுதன்,
இன்னும் காயேல்லை, மேடையில காட்டு, சுதன்.

"ஒரு தலைமுறையின் அவமானத்தை ஒரு காற்சட்டைக்குள் மடித்து வைத்த வரி." ரொ.வின் கட்டுரை. உண்மையில் அது ஒரு தலைமுறையுடையது இல்லை. சுதனுடையது. ஒன்பது வயதில், பள்ளிக்கூடம் போகும் வழியில், இராணுவச் சாவடியில் பையைக் கொட்டச் சொன்னபோது, பயத்தில் நடந்தது. கிட்டங்கிக்குள் ஒருநாள், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு எனக்குச் சொன்னான். வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை என்றான்.

பதில் பாட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வழியில் கண்டால் தலையை ஆட்டுவான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

பதினொரு மணிக்கு சுதனின் அம்மா அச்சகத்துக்கு வந்தார். பரமேஸ் அன்ரி. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து அவனை வளர்த்தவர். கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்பு. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"தம்பி, அவன்ட கல்வெட்டை நீங்கள்தான் எழுதவேணும். அவனுக்கு உங்களை விட்டா ஆர்?"

"ஓம் அன்ரி."

"புலம்பல் ஒண்டும் வேண்டாம். நீங்கள் அவனுக்குப் படிச்ச பாட்டு இருக்கெல்லோ, அதைப் போடுங்கோ. பன்னிரண்டு தரம் அவன்ட பேர் வருது. நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போனில போட்டுக் கேக்கிறனான். வேகமாப் போகுது, எனக்கு எழுத்தில வேணும்."

குணம் அண்ணை தலை குனிந்து தாள் எண்ணினார். அவருக்குப் பாட்டுத் தெரியும்.

நினைத்துப் பார்த்தால் பிழை சொல்ல ஏலாது. இந்த ஊரில் ஒருவனின் பெயரை வரிக்கு வரி சொல்லி ஏதாவது எழுதினால் அது கல்வெட்டுத்தான். செத்தவனின் பெயர் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணித்தான் எங்களிடம் வேலை தருகிறார்கள். அன்ரியும் எண்ணியிருக்கிறார்.

அவர் போனதும் சிரிப்பு வந்தது. கக்கூசுக்குள் போய்ச் சிரித்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஓகஸ்ட் 8, வெள்ளி. போயா

பௌர்ணமி விடுமுறை, அச்சகம் பூட்டு. ஜெனி மீன் கழுவிக்கொண்டே குசினியிலிருந்து:

"அந்தப் பாட்டை யூரியூப்பில இருந்து எடுங்கோவன். செத்தவனை ஏன் இன்னும்?"

"முப்பத்தொண்டு முடியட்டும்."

"முடிஞ்சா எடுப்பீங்களோ?"

அதை எடுத்தால் என்னிடம் என்ன மிச்சம்? முப்பத்தெட்டு வயது. சேர்ட்டில் மை. 'கூரிய பேனா' என்று எழுதிய கட்டுரை அந்தப் பன்னிரண்டு வரிக்கு எழுதிய கட்டுரை. மற்றப் பாட்டுகளைப் பற்றி ரொ. எழுதியது ஒரு பந்தி, அதிலும் என் பெயரில் எழுத்துப்பிழை.

"தாய்க்குத் தெரிஞ்சா?" ஜெனி விடவில்லை.

"விளங்காது. மனிசி 'வேகமாப் போகுது' எண்டு தானே சொன்னது."

"நீங்கள் நல்லா வருவீங்கள்," என்றாள். வாழ்த்து இல்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

எட்டாம் பக்கம் முடிந்தது. அதே தாளம், அதே பன்னிரண்டு வரி, அதே இடத்தில் பெயர். சொல் மட்டும் வேறு.

சோதனை எல்லாம் கடந்து வந்த தீரன், சுதன்,
காயாத அன்பை எமக்குத் தந்த வீரன், சுதன்.

நாற்பது நிமிடம். தபாலதிபருக்குக்கூட இதைவிடக் கூட நேரம் எடுத்தேன். மூன்றாம், நான்காம் வரி கொஞ்சம் கஷ்டம். உண்மையில் அவை இப்படி:

அம்மா அவிச்ச இடியப்பத்தில வந்த மைக்கு, சுதன்,
ஆர் ஆரோ காலை நக்குது இப்ப நாக்கு, சுதன்.

மைக்கு, அன்ரி இடியப்பக் காசில் வாங்கிக் கொடுத்த மைக். மாற்றியது: "அம்மா வளர்த்த அருமை மைந்தன்". மானம் போகிற அளவுக்கு மட்டம். பரவாயில்லை, சோறு தின்ன வருகிறவர்கள் வாசிப்பது.

வாங்க வேண்டியவை: ஜெனிக்குப் பனடோல், டோர்ச்சுக்கு பற்றரி, வெள்ளைச் சேர்ட் (17ஆம் திகதிக்கு).

ஓகஸ்ட் 13, புதன்

வெக்கை. மின்சாரம் இரண்டு தரம் போனது. கல்வெட்டு அச்சாகி முடிந்தது. அட்டையில் சுதன் சிரிக்கிறான், தேர்தல் மேடையில் எடுத்த படம். பின்னால் இருந்த வேட்பாளரை வெட்டி, அந்த இடத்தில் குத்துவிளக்கு வைத்தேன். நல்ல வேலை, நானே சொல்கிறேன்.

ரொ. மறுபடி. லண்டனில் ஒரு தொகுப்பு இசைத்தட்டு வருகிறதாம், வசைப்பாட்டைச் சேர்க்க வேண்டுமாம். "அவருடைய மரணம் பாட்டுக்கு இன்னொரு கனதியைக் கொடுத்திருக்கிறது." வாசித்ததும் அருவருப்பு. பிறகு 'நன்றி, சேர்க்கலாம்' என்று அனுப்பினேன். இரண்டுக்கும் இடையில் ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம்.

ஜெனிக்குச் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 16, சனி

குணம் அண்ணை கல்வெட்டுகளைக் கட்டி ஓட்டோவில் ஏற்றினார். "நிமலன், நாளைக்கு வாசிக்கிறதும் நீர்தானாம். சுதன்ட தாய் உம்மைத்தான் கேட்டது."

"ஐயர் வாசிக்கட்டுமே."

"எனக்கென்ன தெரியும். உம்மைத்தான் கேட்டது."

ஓகஸ்ட் 17, ஞாயிறு

காலை கடற்கரையில் கிரியை. பிறகு வீடு. வாடகைக் கதிரைகள், ஐம்பது அறுபது பேர். பருப்பு வாசம். குணம் அண்ணை, ஜெனி, அந்தக் காலத்தில் கிட்டங்கிக்கு வந்த நாலைந்து பெடியள், இப்போது எல்லோருக்கும் வயிறு. அன்ரி படத்துக்குப் பக்கத்தில் பாயில். மடியில் கல்வெட்டு, எட்டாம் பக்கம் விரித்தபடி.

தேவாரம் வாசித்தேன். வாழ்க்கைக் குறிப்பு வாசித்தேன். எட்டாம் பக்கம். "சோதனை எல்லாம் கடந்து வந்த..."

"நிப்பாட்டுங்கோ தம்பி."

நிறுத்தினேன்.

"அது பாட்டில இல்லை."

"இல்லை அன்ரி, அச்சுக்காகக் கொஞ்சம்..."

அவர் என்னைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டு, சந்தைக்குச் சாமான் சொல்கிற மாதிரி, மெதுவாக, ராகம் இல்லாமல்: "சோதனைச் சாவடியில் நனைஞ்ச காற்சட்டை, சுதன். இன்னும் காயேல்லை, மேடையில காட்டு, சுதன்."

ஒரு பிள்ளை சிரித்தது. தாய் வாயைப் பொத்தினாள்.

"முப்பது நாள் கேட்டனான், தம்பி. முதல் கிழமை விளங்கேல்லை. பிறகு விளங்கிச்சுது. எழுத்தில என்ன தருவீங்கள் எண்டு பாக்கத்தான் வந்து கேட்டனான். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கோ."

ஜெனியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். ஒருவரும் எழும்பவில்லை, ஒருவரும் 'விடுங்கோ' என்று சொல்லவில்லை. சொன்னேன். இடியப்பம், மைக்கு, நாக்கு, எல்லாம். தாளம் இல்லாமல் சொன்னால் அது பாட்டே இல்லை. வெறும் ஏச்சு. செத்தவனை அவன் வீட்டுக்குள் நின்று ஏசுகிறேன். பன்னிரண்டு தரம் அவன் பெயரைச் சொன்னேன். இடியப்ப வரியில் அன்ரி தலையாட்டினார், சரி பார்க்கிற மாதிரி.

முடிந்ததும் சொன்னார்: "அந்தக் காற்சட்டையைத் தோய்ச்சது நான். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு அண்டைக்கு என்ட கையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவன். உங்களுக்குச் சொல்லியிருக்கிறான்."

என் கை தானாகப் போனை எடுத்தது. "யூரியூப்பில இருந்து இப்பவே எடுத்துப்போடுறன் அன்ரி. இப்பவே."

"வேண்டாம். இருக்கட்டும். ஆர் எழுதினதெண்டு ஆக்களுக்குத் தெரியத்தானே வேணும்." பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "சனம் பசியோட இருக்கு, இலையைப் போடுங்கோ."

எழும்பிப் போக நினைத்தேன். கையைப் பிடித்து முதல் பந்தியில் இருத்தினார். அவரே பரிமாறினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

போட்டார். சாப்பிட்டேன்.