திரும்பி வந்த பெட்டி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் இங்கே நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், அவள் படிக்கிற புத்தகங்களின் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

ஜப்பானுக்கு உனக்கு அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை திரும்பி வந்துவிட்டது. நான் தைத்த சட்டைகளும் போர்வையும் அப்படியே இருக்கின்றன, மேலே மட்டும் ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு. தபால்காரரைக் கேட்டால், "எனக்கு நம்ம எழுத்தே கண்ணாடி போட்டாத்தாம்மா தெரியும்" என்று போய்விட்டார். உன் தங்கை கைப்பேசியில் ஒரு அகராதியை இறக்கினாள், எழுத்தின் ஒலி தெரியாவிட்டாலும் விரலால் வரைந்தால் அதைப் போன்றவற்றை வரிசையாகக் காட்டுகிறது. இருபது வருஷம் துணியில் கோடு போட்ட கையாயிற்றே, நானே வரைகிறேன் என்றேன். அரை மணி நேரமாகியும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவள் தலையில் அடித்துக்கொண்டு, "அந்த வட்டம் எழுத்தே இல்லம்மா, யாரோ எழுத்தைச் சுத்திப் பேனாவால சுழிச்சிருக்காங்க" என்றாள். நான் வட்டத்தையும் சேர்த்தே வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்! அதை விட்டதும் முதல் எழுத்து வந்தது, 'இல்லை' என்று பொருள். இரண்டாவது என் விரலுக்கு அடங்கவில்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது, எழுத்துகளின் துண்டுகளைக் கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கிறார்கள், நமக்குத் தெரிகிற துண்டைத் தொட்டால் அது உள்ள எழுத்துகள் மட்டும் மிஞ்சும். மண்ணைக் குறிக்கும் துண்டைத் தொட்டு, மொத்தம் ஆறு கோடு என்றதும் அதுவும் கிடைத்தது, 'இருத்தல்'. இரண்டும் சேர்ந்தால் ஆள் வீட்டில் இல்லை என்று அர்த்தமாம்.

தேதியும் நேரமும் நமக்குத் தெரிந்த எண்களிலேயே இருந்தன. அங்குள்ள தபால்காரர்கள் மூன்று முறை வந்திருக்கிறார்கள். கடைசியாகப் போன மாதம் ஒரு ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, இங்கே அப்போது பிற்பகல் மூன்றரை. அதே நேரத்தில்தான் நீ போனில் என்னிடம், "ரூம்லதாம்மா இருக்கேன், இப்பதான் சாப்பிட்டேன்" என்றாய். முகத்தைக் காட்டு என்றதற்கு விளக்கு எரியவில்லை என்றாய். அண்ணன் குளிச்சிட்டிருந்திருப்பான் என்று உன் தங்கை பரிந்து பேசுகிறாள், மூன்று முறையுமா? எனக்குக் கோபமில்லை. அறையை விட்டுவிட்டாயா, வேலையிடத்திலேயே படுக்கிறாயா, ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உன் கைப்பேசிக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இவள் பள்ளிக்குப் போனபின் வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான், அதையும் நிறுத்திவிட்டு வெட்டுமேசையில் இருக்கும் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே. இப்போது நீ படுக்கிற இடத்தின் முகவரியை அவர்கள் எழுத்திலேயே எழுதி அனுப்பு. எத்தனை நாளானாலும் பார்த்துப் பார்த்துப் பெட்டியின்மேல் நானே வரைந்துகொள்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா