தம்பியை அடித்த அண்ணை

ஆடி மாதம், செவ்வாய் இரவு

இன்று மாலை முரசுமோட்டை வயலில் என் கணவரின் அண்ணன் என் தம்பி செல்வத்தை மண்வெட்டிப் பிடியால் அடித்தார். இன்றைய தண்ணீர் முறை தம்பியுடையது. அவன் வாய்க்காலைத் திறந்ததும், "தோட்டக்காட்டானுக்கோ முதல் தண்ணி?" என்று கத்திக்கொண்டு வந்து மண்டையில் போட்டார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்களை இந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். விழுந்தவனை மறுபடியும் அடித்தார். நான் ஓடிப்போய்த் தம்பிமேல் குப்புற விழுந்த பிறகுதான் விட்டார். வாய்க்கால் தண்ணீர் சிவந்து ஓடியது.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது செல்வம் கேட்டான்: "அக்கா, மலையில சிங்களவர் அப்பாவைத் தமிழன் எண்டு அடிச்சு, நாங்கள் இருந்த லயத்து வீட்டையும் கொளுத்தித்தான் இஞ்ச கலைச்சவங்கள். இவர் என்னை என்ன எண்டு அடிச்சவர்?"



வீட்டுக்கு வந்ததும் கணவர் சொன்னார்: "அண்ணை கோவத்தில சொன்னது. உன்னைச் சொல்லேல்லை. பொலிஸ் கேட்டா, வழுக்கி விழுந்தவன் எண்டு சொல்லு."

"அவன் தோட்டக்காட்டான் எண்டா நான் ஆர்? உங்கட பிள்ளை ஆர்?"

அவர் சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்தார். மகள் அலறிக்கொண்டு எழும்பினாள்.

"நான் பாத்ததைத்தான் சொல்லுவன்" என்றேன்.

"சொன்னா இந்த வீட்டுப் படி ஏறாதை." என் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

விடிந்ததும் பொலிசுக்குப் போவேன். மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன். இங்கே விட்டால் அவளுடைய தாய் ஒரு தோட்டக்காட்டாள் என்று இவர்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளிக்கூட உடுப்புகளைப் பையில் வைத்துவிட்டேன்.