நீ தெரிந்தெடுத்த பாரமான பெட்டி

கோயில் பாடகர் குழுவுக்கு ஒரு சாம்ப்ளர் வாங்கப் போகிறார்களாம். ஒலிகளைப் பதிந்து, வெட்டி, தாளமாக வாசிக்கிற கருவிகளில், கணினி இல்லாமல் தனியே இயங்குவது எது நல்லது என்று இன்று காலை என்னிடம் கேட்டார்கள். பதில் சொல்ல முன்னர் உன்னுடைய சாம்ப்ளர் பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கினேன். துணியை விலக்கியதும் உப்பும் பழைய ரப்பரும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்களுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ தாளம் செய்துவந்த மடிக்கணினியை உன் புருஷன் கிணற்றுக்குள் எறிந்த கிழமை உனக்கு நினைவிருக்கும். மாம்புரியில் உன் வீட்டு வாசலில் நான் வந்து நின்றபோது உன் உதடு வெடித்திருந்தது. அழுவாய் என்று நினைத்தேன். "இனி கொம்பியூட்டரே வேணாம். தனிய நிக்கிற மிசின் ஒண்டு வேணும்" என்றாய். உன்னைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆலங்குடா ஹோட்டலில் இசை போடுகிறவர் ஊரை விட்டுப் போக இருந்தார். அவரிடம் இரண்டு சாம்ப்ளர்கள் இருந்தன. ஒன்றை நமக்குத் தருவதாகச் சொன்னார். ஹோட்டல் சாமான் அறையில், மடித்து வைத்த கதிரைகளுக்கு நடுவே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பகல் முழுக்கத் தட்டிப் பார்த்தோம்.

சின்னது பிளாஸ்டிக். பற்றரியில் ஓடும், மைக்கும் உள்ளேயே இருந்தது, அமத்தின உடனே விழித்துக்கொள்ளும். ஆனால் விரலால் தட்டி வாசிக்கிற அதன் பேட்கள் பிஸ்கட் அளவு. நீளமாக எதையும் பதிய முடியாது. பெரியதற்குக் கரண்ட் வேண்டும். விழித்தெழ நேரமெடுக்கும். ஆனால் திரையில் ஒலியின் உருவம் அலையாகத் தெரியும். மயிரிழை அளவுக்கு வெட்டலாம். அடித்தட்டும் பக்கங்களும் இரும்பு.

நான் சின்னதுக்காக வாதாடினேன். "இது அரிசி வாளிக்குள்ளேயும் அடங்கும். அவன் கண்ணுல படாம வச்சிக்கலாம்."

"ஒளிச்சு வைக்கிறதுக்கு இதென்ன களவெடுத்த சாமானா?" என்று பெரியதன் பேட்டில் முஷ்டியால் குத்தினாய். அறையே அதிர்ந்தது. "பாத்தியா? இது அடிய வாங்கும்டி."

அன்றைக்கே அதைத் தோளில் சுமந்துகொண்டு பஸ் ஏறினாய்.

நீ பதிந்து வந்த ஒலிகள் எனக்குப் பயமாக இருந்தன. கருவாட்டுப் பலகையில் கத்தி விழுவது, வலை ஈயம் வள்ளத்தில் மோதுவது, பாலாவிச் சந்தியில் லொறிச் சங்கிலி அறைவது. பிறகு ஒரு நாள் புதிய தாளம் ஒன்றை ஹெட்போனில் கேட்கக் கொடுத்தாய். அடியில் விழுந்த முழக்கம் என் நெஞ்சுக்குள் இடித்தது.

"என்னது இது? பேஸ் டிரம்மா?"

"அவன் கதவ ஒதைச்சது. மைக்க ஜன்னல்ல வச்சிருந்தேன்." சிரித்தாய். "மேல கேக்குதே 'ஏய்' எண்டு, அது அவன்ட சத்தம். நறுக்கி வச்சிருக்கேன்."

நீ ஹோட்டலுக்குக் கொடுத்த அந்தத் தாளத்துக்கு அங்கே மணலில் வெள்ளைக்காரர்கள் ஆடினார்கள். மீன் கொடுக்க வந்த உன் புருஷன் சமையல்கட்டு வாசலில் நின்று தன் குரலையே கேட்டான். கூட நின்ற ஒருவன், "மச்சான், இது ஒன்ட சத்தமில்லியா?" என்று சிரித்தானாம்.

அடுத்த நாள் மத்தியானம் நாம் இருவரும் உன் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தோம். அவன் மீன் வெட்டும் கத்தியோடு வந்தான்.

"ஊருக்கு முன்னால என்னைய ஆட வைக்கிறியா?"

பானை உருண்டது. உன் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒருமுறை, மறுபடியும். சுண்ணாம்பில் சிவப்பாகக் கோடு விழுந்தது. கத்தி உன் கழுத்துக்கு வந்தபோது நான் யோசிக்கவில்லை. அலகை இடக்கையால் பிடித்தேன். அவன் இழுத்தான். முதலில் வலியே இல்லை. உள்ளங்கைக்குள் ஏதோ நரம்பு அறுந்து சுருண்டதை மட்டும் உணர்ந்தேன். பிறகு முழங்கை வரை இரத்தம்.

அவன் என் பக்கம் திரும்பிய அந்தக் கணத்தில் நீ மேசையிலிருந்து பெட்டியைத் தூக்கினாய். வயர் சுவரிலிருந்து பிய்ந்து வந்தது. இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கி, இரும்பு மூலை படும்படி அவன் முகத்தில் இறக்கினாய். தாடை உடைந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. அவன் முழந்தாளில் விழுந்தான். மறுபடி தோளில் அடித்தாய். கத்தி கையை விட்டுப் போனது. மறுபடியும் ஓங்கினாய்.

"போதும்டி!" என்று கத்தினேன்.

"போதுமா இல்லையா எண்டு நான் சொல்றேன்" என்றாய். அவன் பல்லும் இரத்தமுமாகத் துப்பிக்கொண்டு தரையில் ஊர்ந்தான். ஓங்கிய கையோடு அவனைப் பார்த்தபடி நின்றாய். பிறகு பெட்டியை மெதுவாக மேசையில் வைத்தாய். தலையணை உறையைக் கிழித்து என் கையைக் கட்டினாய்.

பொலிசில் கேட்டார்கள்: "எதால அடிச்ச?"

"பாட்டு மிசினால சேர்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் தையலோடு நீ கண் இமைக்காமல் இருந்தாய். வழக்கு நடந்து அவன் உள்ளே போனான். நீ பாலாவியில் ஓர் அறை எடுத்தாய். பெட்டியில் ஒரு பேட் செத்திருந்தது. மற்றவையெல்லாம் வேலை செய்தன. கல்யாண வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் தாளம் செய்து கொடுத்தாய். கதவைப் பூட்டாமல் தூங்கினாய்.

என் இடக்கையின் கடைசி இரண்டு விரல்களுக்கு அசைவு திரும்பி வரவில்லை. கோயிலில் கீபோர்ட் வாசித்தவள் நான். அதன் மூடியைத் திறக்கவே கூசினேன். நீதான் என்னை இழுத்து வந்து பெட்டியின் முன் இருத்தினாய். "மிச்ச விரல் இருக்குல்ல, தட்டு."

தட்டினேன். இடக்கை அடி ஒவ்வொரு தடவையும் பிந்தியே விழுந்தது. பிசகிய அடிகளைத் தானாகவே நேராக்கும் வசதி இந்தக் கருவிகளில் உண்டு. அதற்கான பொத்தானை அமத்தப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"திருத்தாத. அந்தக் கை எனக்காகத்தான் பிந்துது. அப்படியே கேக்கட்டும்."

கத்தியோடு வந்தவனால் முடியாததை ஒரு நுளம்பு முடித்துவிட்டது. டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் ஈறுகளில் இரத்தம் கசிந்தது. நர்ஸ் துடைக்கத் துடைக்க வந்தது. அடிக்கக்கூடிய எதிரி யாரும் அந்த அறையில் இல்லை. அதுதான் உனக்கு ஆத்திரம். கட்டில் கம்பியில் விரலால் ஏதோ தாளம் தட்டிக்கொண்டே இருந்தாய். கடைசியில் தட்டுவது நின்றது.

நீ போன பிறகும் நான் வாசிக்கிறேன். போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் புதிதாக வந்த கிற்றார்காரர் என்னிடம் வந்து, "அக்கா, ஒங்கட இடக்கை அடி கொஞ்சம் லேட்டா விழுது" என்றார்.

"ஓம்" என்றேன். "நீங்கதான் அதுக்குக் காத்திருக்கணும்."

அவர் காத்திருந்தார். சபை எழுந்து ஆடியது.