உன் சீட்டின் இரண்டு ஓரங்கள்

அன்பு மச்சான் ரபீக்,

நீ இருக்கிற இடத்தில் ஸ்பீடு லிமிட் கிடையாது என்ற நம்பிக்கையோடு நாம் பிழைக்க வந்த இந்த ஆலன் ஊரிலிருந்து எழுதுகிறேன். நம் தமிழ்ச் சங்க மலரில் உனக்கு அஞ்சலி எழுத ஆள் தேடினார்கள். என்னைவிட உன்னை யாருக்குத் தெரியும் என்று நானே கையைத் தூக்கிவிட்டேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து அச்சில் வருகிறது, பார்த்துக்கொள்.

படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ரபீக் என் தங்கை நூரின் கணவன், என் வகுப்புத் தோழன். ஊரில் அவனுக்கு பைக் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நான் போகிற வேகத்துக்கு என் ஹார்ன் சத்தமே எனக்குப் பின்னால் ஓடி வந்த காலம் அது.

அப்படிப்பட்ட என்னை இங்கே எவன் மதித்தான்? உன் பைக் கூட்டாளிகள் எல்லோரும் நீ உட்காருகிற அழகைத்தான் பேசினார்கள். முழங்கால்கள் டேங்கைக் கவ்வியிருக்கும், வயிறும் முதுகும் உடம்பைத் தாங்கும், கைகள் சும்மா கிடக்கும். வளைவு வந்தால் இடுப்பைப் பாதி சீட்டுக்கு வெளியே நகர்த்தி, போகவேண்டிய இடத்தை முன்னாலேயே பார்த்துவிடுவாய். அதற்காகவே தினமும் காலையில் கராஜில் முழங்கையும் கால்விரலும் மட்டும் ஊன்றி உடம்பைப் பலகையாக நிறுத்தி பிளாங்க் போடுவாய். நான் டீயோடு நின்று பார்ப்பேன், வயிறு எரியும். "ஹேண்டில இடியாப்பம் எடுக்குற மாதிரி புடி மச்சான், நசுக்காத" என்று அறிவுரை வேறு.

கடைசியில் கேன்சர்தான் உன்னைக் கொண்டுபோனது. பைக் உன்மேல் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. அதிலும் எனக்குப் பொறாமை, தெரியுமா?

போன மாதம் உன் நீல பைக்கை விற்கப்போவதாக நூர் சொன்னாள். எனக்குக் கொடு என்று கேட்டேன்.

"முதல்ல ஓட்டிக் காட்டுங்க காக்கா. நீங்க வேற விழுந்து வச்சா நான் தாங்க மாட்டேன்."

எங்களில் காக்கா என்றால் அண்ணன்; அந்த அண்ணனுக்கே பரீட்சை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூடத்தின் காலி பார்க்கிங் லாட்டில் உன் கூட்டாளிகள் நான் வளைந்து ஓட்டிக் காட்டக் கூம்புகளை வரிசையாக வைத்தார்கள். நூரோடு வந்த உன் மகள் ஆயிஷா ஹெல்மெட்டோடு நின்றாள். ஏறும்போதுதான் கவனித்தேன். உன் சீட்டின் இரண்டு ஓரங்களும் தேய்ந்து வழவழவென்று இருந்தன, நடு இன்னும் புதுசு. என் பைக் சீட்டில் நடுவில் ஒரு குளமே இருக்கிறது.

எனக்கு முன்னால் என் வயிறு டேங்கில் ஏறிப் படுத்துக்கொண்டது. பாரம் முழுக்க மணிக்கட்டில். வளைவில் கையை இரும்பாக இறுக்கினேன். பைக் திரும்பாமல் நேராகப் போய்ப் புல்லில் நின்றது. வேறு எவனாவது இருந்தால் ஆஸ்பத்திரிதான்.

"மாமா, யூ ஆர் சோக்கிங் இட்," என்று, நான் ஹேண்டிலின் கழுத்தை நெரிப்பதாகச் சொல்லி, ஆயிஷா சாவியை வாங்கி ஏறிக்கொண்டாள்.

வளைவில் அவள் இடுப்பு ஓரத்துக்கு நகர்ந்தது, நீ தேய்த்து வைத்த அதே ஓரத்துக்கு. முழங்கை மடிந்தது. முகம் வளைவுக்கு அப்பால் பார்த்தது. நூர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ அத்தாவே வர்ற மாதிரி இருக்கு காக்கா."

அவள் அப்பன் நீயே வருகிற மாதிரி என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? போன பிறகும் நீதான் ஜெயிக்கிறாய். நான் போனால் என்னை மாதிரி உட்கார யார் இருக்கிறார்கள்?

பைக் அவளுக்கே என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன் என்று ஆலன் முழுக்கப் பரப்பியும் விட்டேன். நீ வந்து மறுக்கவா போகிறாய்?

இப்போது காலையில் உன் கராஜில் ஆயிஷா பிளாங்க் போடுகிறாள், பக்கத்தில் நானும். என் வயிறு இன்னும் தரையை விடமாட்டேன் என்கிறது. ஆனாலும் ஒரு வாக்கு. அவள் ரைடு போகும்போதெல்லாம் என் பைக்கில் பின்னாலேயே போவேன், இடியாப்பம் நசுங்காமல். என் சீட்டின் ஓரமும் ஒருநாள் தேயும். தேய்ந்ததும் முதலில் உன்னிடம்தான் பீற்றிக்கொள்வேன்.

பொறாமை இன்னும் தீராத,
உன் மச்சான், ஆயிஷாவின் மாமா
ஜமால்