செந்தாழையின் காற்புண் குறித்து வடவாயில் பரிக்கோட்டைக்கு விடுத்த ஓலை

நலம் ஓங்குக! தேனாறு பாயும் நாடனைத்துக்கும் உரிமையுடையாள், குன்றெறிந்த கோமான் மகள், அரசி அணங்கமாதேவி, வடவாயில் பரிக்கோட்டையைக் காத்து நிற்கும் தலைவர் இளவெயினர்க்கு விடுக்கும் ஓலை. நும் கோட்டையும், கொட்டிலும், அதில் கனைக்கும் குதிரைகளும், அவற்றுக்குப் புல் சுமப்போரும் நோயின்றி வாழ்க.

செந்தாழை என்னும் பெட்டைக் குதிரையின் காற்புண் ஆறவில்லை என்றும், அவளைப் படையினின்று நீக்கிச் செக்கிழுக்க அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர். அவள்மேல் ஏறும் வீரன் நன்னாகனோ, அவளைப் பிரித்தால் தானும் செக்கடிக்கே போவதாக முறையிட்டிருந்தான். ஆகவே நம் பரிமருத்துவர் வெண்பூதியாரை அனுப்பினோம். அவர் திரும்பி வந்து உரைத்ததைக் கேட்டு அவை முழுதும் சிரித்தது.

வேலி மூங்கில் கிழித்து முன்னங்காலில் உண்டான புண் அது. புண்ணில் புதுத்தசை கண்டால் வீரன் கொட்டிலாருக்கு வெல்ல அவல் வழங்குவது நும் கோட்டை வழக்கமாம். குழி நிரம்பியது; நன்னாகன் அவல் வழங்கினான். தசை தோலுக்குச் சமமாயிற்று, மறுபடியும் அவல். பிறகு தோலையும் தாண்டிக் காளான்போலக் கவிழ்ந்தது; அவன் பூரித்துப்போய் இன்னும் வெல்லம் கூட்டி வழங்கியதோடு, நன்றாக வளரட்டும் என்று நெய்க்களிம்பையும் நாள்தோறும் வழித்துப் பூசினானாம்.

வெண்பூதியார் கட்டை அவிழ்த்துப் பார்த்து, "அடப்பாவி, இது துர்மாமிசமப்பா! ஓரத்துத் தோல் ஊர்ந்து வந்தல்லவா புண்ணை மூடவேண்டும்? நடுவில் நீ குன்று வளர்த்தால் அது எப்படி ஏறும்?" என்று கடிந்தாராம். தசையைத் தோல்மட்டத்துக்குச் சீவவேண்டும் என்றதும் நன்னாகன், அதற்குப் பதிலாகத் தன் கையை வெட்டிக்கொள்ளுமாறு வேண்டினானாம். "உன் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இந்தத் தசையில் குருதி மிகுதி, வலி கிடையாது. பேசாமல் கடிவாளத்தைப் பிடி" என்றாராம் அவர்.

கத்தி பட்டது. செந்தாழை கொள்ளு மென்றபடி நின்றாள். குருதியைக் கண்ட நன்னாகன்தான் வைக்கோலில் சாய்ந்தான். அவன் முகத்தில் நீர் தெளித்த வெண்பூதியார், நோயாளிகள் இருவர் என்று முன்பே சொல்லியிருந்தால் துணைக்கு ஆள் கூட்டி வந்திருப்பேனே என்று நொந்துகொண்டாராம். பின்பு உப்புநீரால் கழுவி, தூய துணியால் இறுகக் கட்டினார். தசை மீண்டும் தலைதூக்கியபோது மீண்டும் சீவினார். அப்போது நன்னாகன் கண்ணை மூடிக்கொண்டேனும் நின்றான். இப்போது சுற்றுத்தோல் உள்நோக்கி ஊர்கிறது. அவள் நொண்டாமல் நடக்கிறாள்.

மயிரில்லாத வடு ஒன்று மட்டும் நிற்கும் என்கிறார் மருத்துவர். வடுவுள்ள குதிரையை முன்வரிசையில் நிறுத்துவது மரபன்று என்று நீவிர் எழுதியதையும் படித்தோம். ஏழு வயதில் மட்டக்குதிரையினின்று விழுந்து நம் இடப்புருவத்தில் பட்ட வடுவை நீவிரும் கண்டிருக்கிறீர். முடிசூடிய நாளில் நம்மைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னவர் ஒருவரும் இலர்.

எனவே நாம் விதிப்பதாவது: புதுத்தசை தோல்மட்டத்தை மீறினால் களிம்பைத் தொடாமல் மருத்துவரை அழைக்க. அவல் வழங்குவதைத் தோல் மூடும் நாளுக்கு மாற்றுக. செந்தாழை நன்னாகனுக்கே உரியவள்; புண் மூடியதும் இருவரையும் முன்வரிசையில், நம் தேருக்கு அடுத்து நிறுத்துக.

நம் வாயால் உரைத்து, நம் கையால் மீன்முத்திரை பதித்தோம். இவ்வாறே செய்க, செய்து மறுவோலை விடுக்க.